மாண்டு மீளும் கணினி: ஒரு கூடத்து மேசையை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே ஒரு கணினி இருக்கிறது. வாங்கி ஏழு வருடம் ஆகிறது. சென்ற ஆனி மாதம் ஒரு நாள் அது யாரும் கேட்காமலே அணைந்து, யாரும் கேட்காமலே எழுந்தது. முதல் தடவை என்பதால் மன்னித்தோம். மறுநாள் இரண்டு தடவை. ஒரு வாரத்துக்குள், கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தால் ஓடிபி வருவதற்குள் அது ஒரு பிறவியை முடித்து அடுத்ததைத் தொடங்கியிருந்தது.

இப்பொருள் குறித்துத் தமிழில் முறையான ஆய்வு எதுவும் இல்லை. நூலகத்துக்குப் போய்த் தேடவில்லையாதலால் இதை உறுதியாகவே சொல்ல முடிகிறது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கணினியைச் சரிசெய்வது இதன் நோக்கம் அன்று. அது சரியாகிவிட்டதுதான் இந்த ஆய்வுக்கு நேர்ந்த பெருங்கேடு என்பது பின்னர் விளங்கும்.

கலைச்சொல் விளக்கம்

வீட்டுக் கணினிக்கு வரும் கேடு மூவகைப்படும். திரை அப்படியே நின்று, மௌஸை எவ்வளவு ஆட்டினாலும் அம்பு அசையாதிருப்பது ‘ஹேங்’. மூச்சே நின்றுபோவது ‘ஆஃப்’. மூச்சு நின்று, பொத்தானை எவரும் தொடாமல் தானே எழுவது ‘ரீஸ்டார்ட்’. முதலாவது மயக்கம், இரண்டாவது மரணம், மூன்றாவது மறுபிறப்பு. எங்கள் வீட்டார் மூன்றையும் ‘போச்சு’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றனர். ‘போச்சு’ என்பது இறந்தகால வினைமுற்று. ஆயினும், சேமிக்காத கோப்பு ஒன்று திறந்திருக்கும்போது சொன்னால் அது எதிர்காலத்தையும் சேர்த்தே சுட்டும்.

கேடு வந்ததும் இயந்திரம் நிற்காமல் ஏன் எழுகிறது? இதற்கு விடை எளிது: அப்படித்தான் விற்கிறார்கள். உள்ளே திருத்த முடியாத பிழை நேர்ந்தால் எங்கள் கணினியில் உள்ள விண்டோஸ் ஒரு நீலத் திரையில் காரணத்தின் பெயரைக் காட்டும். கூடவே ‘தானாக ரீஸ்டார்ட் செய்’ என்ற கட்டத்தில் முன்கூட்டியே ஒரு டிக் போடப்பட்டிருக்கும். ஆகவே திரை வந்த வேகத்தில் போய்விடுகிறது. மரண வாக்குமூலம் கொடுக்க வாய் திறப்பவனின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்காரவைக்கிற ஏற்பாடு இது. உயிர் திரும்புகிறது, வாக்குமூலம் போய்விடுகிறது.

முன்னோர் ஆய்வுகள்

மாண்டு மீள்வது ஏழு வயதுக் கணினிகளுக்கே உரிய இழிவு என்று நினைத்தல் தவறு. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் வழிகாட்டிக் கணினி சில நிமிடங்களுக்குள் ஐந்து முறை எச்சரிக்கை எழுப்பியது. 1202, 1201 என்று எண்கள் வந்தன. அந்த நேரத்துக்குத் தேவைப்படாத ரேடார் ஒன்று ஓயாமல் கதவைத் தட்டியதில், செய்யவேண்டிய வேலைகளுக்குக் கணினியில் இடம் போதவில்லை. அது ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே மீளத் தொடங்கி, அவசியமான வேலைகளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மற்றதை உதறியது. அப்படித்தான் அவர்கள் இறங்கினார்கள். எங்கள் வீட்டுக் கணினியும் மீளும்போது சிலவற்றை உதறுகிறது. உதறுவது எப்போதும் நான் தட்டச்சு செய்த பகுதியைத்தான்.

அடுத்தது 1997. ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம், சில நாளில் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. இந்நிகழ்வைப் புரிந்துகொள்ளக் கூட்டுக் குடும்பத்தில் ஒரே குளியலறையுடன் வாழ்ந்தவருக்கு வேறு கல்வி தேவையில்லை. வீட்டில் முதல் உரிமை அலுவலகம் போகும் அப்பாவுக்கு. கடைசி உரிமை பள்ளிக்கூடம் விடுமுறையில் இருக்கும் பையனுக்கு. பையன் எப்படியோ முதலில் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்கிறான். அப்பா துண்டோடு வெளியே நிற்கிறார். இதுவரை குற்றமில்லை. இப்போது ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா, குளியலறைக்கும் தமக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர், கதவருகே நின்று ‘டேய், அந்தப் பரீட்சை என்னாச்சு?’ என்று கேட்கிறார். சித்தப்பா கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லும் வரை குளியல் நின்றுபோகிறது. ஆக, நடு உரிமைக்காரர் ஒருவரால் கடை உரிமைக்காரன் தாமதிக்க, முதல் உரிமைக்காரர் காய்கிறார். மணி எட்டானதும் பாட்டி மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறாள்.

பாத்ஃபைண்டரில் பையனின் இடத்தில் இருந்தது வானிலைத் தகவல் திரட்டும் சிறு நிரல். அப்பாவின் இடத்தில், கருவிகளுக்கிடையே தகவலைப் பங்கிடும் நிரல். சித்தப்பாவின் இடத்தில், செய்தித் தொடர்பு வேலைகள். முக்கிய நிரல் நேரத்துக்கு முடியாததைக் கண்ட கண்காணிப்பு ஏற்பாடு முழுக் கணினியையும் மீளத் தொடங்கிவைத்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகலில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, காரணத்தைக் கண்டு, திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். திருத்தம் இதுதான்: அப்பா வெளியே காத்திருக்கும் நேரம் மட்டும் பையனுக்கு அப்பாவின் அந்தஸ்து கொடு, சித்தப்பா குறுக்கே பேச முடியாது. இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ‘கோளாறை வரவழைத்துப் பார்த்து’ என்ற தொடரை. அவர்களுக்கு இன்னொரு விண்கலம் இருந்தது. எனக்கு இன்னொரு வீடு இல்லை.

2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்னும் புழு, இணையத்தில் இணைந்த கணினிகளில் அறுபது நொடிக் கெடு ஒன்றைத் திரையில் ஓடவிட்டு அவற்றை மீளத் தொடங்கவைத்தது. நாகரிகமான நோய் அது, முன்னறிவிப்பு கொடுத்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் புதுப்பிப்பு ஒன்றில் இருந்த பிழையால், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. பல, விழுந்து எழுந்து மீண்டும் விழும் சுழலில் சிக்கின. விமான நிலையங்களில் நுழைவுச் சீட்டைக் கையால் எழுதினார்கள். அப்போது மைக்ரோசாஃப்ட் தன் மேகக் கணினிகளைப் பயன்படுத்துவோருக்குச் சொன்ன வழிகளில் ஒன்று, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பதினைந்து தடவை வரைகூடத் தேவைப்படலாம் என்பது. ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணு’ என்ற நம் வீட்டு மருத்துவம் உலகின் உச்ச நிறுவனம் ஒன்றால் அளவு குறித்துப் பரிந்துரைக்கப்பட்ட நாள் அது.

சமயவாதிகள்

வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டறிந்தாள். எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கவில்லை. கூடத்திலேயே ஐவர் இருந்தனர்.

தூசுவாதம் என் மனைவியுடையது. ‘அந்தப் பெட்டியை ஒரு நாளாவது துடைச்சிருக்கீங்களா?’ என்பது அதன் மூலவாக்கியம். இக்கொள்கையை இகழ்தல் கூடாது. பிராசசரின் மேல் உள்ள உலோகத் தகடுகளுக்கிடையே தூசு கம்பளிபோல் படிந்தால் காற்று போகாது; சூடு ஏறும். சூடு நூறு டிகிரியை நெருங்கினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், பிறகு அணைந்துவிடும். ஆனால் சூட்டால் போவது பெரும்பாலும் போனபடியே கிடக்கும். எங்களுடையதுபோல் உடனே எழுந்து நிற்காது. இந்த மறுப்பை நான் எடுத்துரைத்தபோது, ‘அதுக்காகத் துடைக்கக் கூடாதா?’ என்ற வினா எழுந்தது. அதற்கு இன்றளவும் விடையில்லை.

வைரஸ்வாதம் என்னுடையது. பையன் எதையாவது டவுன்லோடு செய்திருப்பான் என்பதே அதன் சாரம். புதிதுவாதம் பையனுடையது. பழையதன் நோய் பழமையே என்றும், மருந்து கடையில் கிடைக்கும் என்றும், அதற்குத் தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும் என்றும் அது கூறும்.

மின்வாதம், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவுடையது. அவருக்கு உலகில் எல்லாக் கேடும் லூஸ் கனெக்‌ஷனால் வருவது. மனிதர்களின் கேடு உட்பட.

கண்ணேறுவாதம் அம்மாவுடையது. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் வந்து, ‘உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் எத்தனை வருஷமா ஓடுது!’ என்று வியந்துவிட்டுப் போனார்; அன்று மாலைதான் முதல் ரீஸ்டார்ட். பகுத்தறிவாளனாகிய நான் இதைச் சிரித்து ஒதுக்க நினைத்தேன். ஆனால் நூல்கள் வேறு சொல்கின்றன. சிப்புகளை மூடும் பொருளில் மிகச் சிறு அளவில் இருந்த கதிரியக்கம், நினைவகத்தில் 0 என்று இருந்ததை 1 ஆக்கிவிடுகிறது என்று 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தினர் கண்டறிந்தனர். விண்ணிலிருந்து வரும் கதிர்களும் அதைச் செய்யும். 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில், மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஆக ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. மென்பொருளில் பிழை கிடைக்கவில்லை; விண்கதிராக இருக்கலாம் என்றனர். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தொலைவிலிருந்து வந்து பட்டு, நன்றாக இருந்ததைக் கெடுக்கிறது. அம்மாவின் கொள்கையும் இதேதான். வேறுபாடு, அம்மாவுக்கு அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்றும் தெரியும்.

ஐந்து வாதங்களையும் அடுக்கிப் பார்த்ததில் ஒரு பொதுவிதி புலப்பட்டது. ஒவ்வொருவரும் கணினி கெடுவதற்கு முன்பே வைத்திருந்த புகாரைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். கணினி கெட்டது, அந்தப் புகாருக்குக் கிடைத்த சாட்சி மட்டுமே.

ஆய்வு முறை

ஆகவே தரவு திரட்ட முடிவு செய்தேன். பழைய பால் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. தேதி, நேரம், அப்போது யார் உட்கார்ந்திருந்தது என்று மூன்று கட்டங்கள் போதும் என்றுதான் எண்ணினேன். நோட்டில் ஏற்கெனவே நான்கு கட்டங்கள் கோடு போட்டிருந்தன. பால்காரருக்கு ‘பாக்கி’ என்று ஒன்று உண்டு. காலியாக விட மனம் வராமல், ‘அப்போது வீட்டில் வேறு என்ன ஓடியது’ என்று அதில் எழுதலானேன்.

இருபத்துமூன்று நாளில் முப்பத்தொரு ரீஸ்டார்ட்டுகள் பதிவாயின. மூன்றாவது கட்டத்தின்படி, பெரும்பாலான நேரம் உட்கார்ந்திருந்தது நான். ‘அப்ப காரணம் நீங்கதான்’ என்றாள் மனைவி. அதிகம் உட்கார்ந்தவரிடம் அதிகம் நிகழும் என்ற நிகழ்தகவை விளக்க முயன்றேன். குற்றவாளிகள் எல்லோரும் இப்படித்தான் கணக்குப் பேசுவார்கள் என்ற பார்வை கிடைத்தது.

வெளிச்சம் வந்தது பாக்கிக் கட்டத்திலிருந்து. முப்பத்தொன்றில் பத்தொன்பது, மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்ட அதே கணத்தில் நிகழ்ந்திருந்தன. மீதிப் பன்னிரண்டுக்கு ஒழுங்கே இல்லை. மோட்டாரும் இல்லை, மிக்ஸியும் இல்லை.

கணினியும் தன் பங்குக்கு ஒரு நோட்டு வைத்திருந்தது. விண்டோஸில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று ஒன்று உண்டு. வாங்கிய நாள்முதல் அது எழுதிவருவதை எந்த வீட்டாரும் படிப்பதில்லை. அதில் ஒவ்வொரு சாவுக்கும் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு குறிப்பு இருந்தது. ‘சரியாக அணைக்கப்படாமல் மீண்டும் தொடங்கினேன்’ என்பதே அதன் பொருள்; இறந்தவர் இறந்துவிட்டார் என்ற மருத்துவச் சான்று. ஆனால் அதற்குள்ளே பிழை எண்ணுக்கென்று ஓர் இடம் உண்டு. மோட்டார்ச் சாவுகளில் அங்கே பூஜ்யம். அதாவது எதுவும் எழுத நேரமில்லாமல், கழுத்தைப் பிடித்தாற்போல் மின்சாரமே நின்றிருக்கிறது. மற்றவற்றில் எண் இருந்தது. ஒவ்வொரு தடவையும் வேறு எண். ‘தானாக ரீஸ்டார்ட் செய்’ என்ற அந்த டிக்கை எடுத்துவிட்டதும் நீலத் திரை நிலைத்து நின்றது. அதில் வாடிய முகம் ஒன்று. முகத்துக்குக் கீழே ஒவ்வொரு முறையும் வேறு வாக்குமூலம். கேட்கும்போதெல்லாம் வேறு காரணம் சொல்பவனிடம் குற்றம் நினைவாற்றலில் இருக்கும். கணினியிலும் அது பெரும்பாலும் ராம் என்னும் நினைவகம்.

கண்டறிந்தவை

பத்தொன்பதுக்கான காரணத்தைப் பெரியப்பா ஒரே செயலால் நிறுவினார். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை மாட்டியிருந்த யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். யூபிஎஸ் ‘கீங் கீங்’ என்று கத்த வேண்டும். கணினி ஓட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வீடே அமைதியானது.

விளக்கம் வருமாறு. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. ஒரு சுற்றுக்கு இருபது மில்லி செகண்டு. கணினிக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் எஸ்எம்பிஎஸ், உள்ளே வரும் மின்சாரம் நின்றால் ஏறத்தாழ பதினாறு மில்லி செகண்டுதான் மூச்சுப் பிடிக்கும். ஒரு முழுச் சுற்றுக்கும் போதாது. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்டை இழுக்கிறது, வோல்டேஜ் தாழ்கிறது. தாழ்ந்ததும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறுகிறது. பேட்டரி செத்திருந்தால், ஆபத்துக்கு உதவும் என்று வாங்கிய பொருளே ஆபத்தாகிறது. யூபிஎஸ் இல்லாமல் நேரே சுவரில் மாட்டியிருந்தால் கணினி அந்தத் தாழ்வைத் தாங்கியிருக்கவும் கூடும்.

பேட்டரியை மீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி என்றேன். பெரியப்பா ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பு ஒன்றை அதில் இணைத்தார். பல்பு சிவந்து மங்கியது. மீட்டர் ஆறுக்கு இறங்கியது. ‘வேலை குடுக்காத வரைக்கும் எல்லாரும் பன்னெண்டு வோல்ட்தாண்டா’ என்றார். வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் சர்வீஸ்.

பன்னிரண்டுக்கான காரணத்துக்கு, நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டேன். விடியற்காலையில் திரையில் சிவப்பு வரிகள். இரண்டு ராமில் ஏதோ ஒன்றில் பிழை. ஒன்றைக் கழற்றி மற்றதை மட்டும் வைத்துச் சோதிப்பது அடுத்த படி.

இவ்விடத்தில் ஆய்வின் அடிப்படை விதியைச் சொல்லியாக வேண்டும்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்று. முதலில் பேட்டரி, இரண்டு வாரம் பார். பிறகு ராம், இரண்டு வாரம். பிறகு தூசு. இத்திட்டத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். முடிய ஆவணி கடைசியாகும். பையனின் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடக் கடைசி நாள் தாளை ஒட்டிய அதே வாரத்தில் என்பதை அத்தாள் கணக்கில் கொள்ளவில்லை.

நிபுணர் வருகை

நான் அலுவலகத்தில் இருந்த ஒரு பிற்பகல், சர்வீஸ் தம்பி வந்து போயிருந்தார். நாற்பது நிமிடத்தில் அவர் செய்தவை: பிளோயர் வைத்துத் தூசு ஊதினார். ராம் இரண்டையும் கழற்றி, பையனின் பென்சில் ரப்பரால் அதன் பல்வரிசையைத் தேய்த்து மாட்டினார். பிராசசருக்குப் புதுப் பேஸ்ட் தடவினார். யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பேட்டரி போட்டார். ஒயர்களை அழுத்திச் சொருகினார். சி டிரைவை ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். அம்மா கொடுத்த காபியைக் குடித்தார்.

கணினி அன்றுமுதல் ஒரு தடவைகூடப் போகவில்லை.

பதறிப்போய் போன் செய்தேன். ‘தம்பி, எதனால போச்சு?’

‘எல்லாம் க்ளீன் பண்ணிட்டேன் சார்.’

‘அது சரி. எதைப் பண்ணினதும் சரியாச்சு?’

‘சார், ஓடுதுல்ல?’

இது ஆறாவது சமயம், ஓடுவாதம் எனப்படும். வீட்டார் அனைவரும் அன்றே அதைத் தழுவினர்.

ரப்பர் தேய்ப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ராமின் பற்களில் இருப்பது தங்க முலாம். தங்கத்துக்குத் துரு ஏது? அழுக்குப் போயிருக்கலாம்; அல்லது கழற்றி மாட்டியதிலேயே பிடிப்புச் சரியாகியிருக்கலாம்; ரப்பர் வெறும் சடங்காக இருந்திருக்கலாம். இப்போது மெம்டெஸ்ட் ஓடவிட்டால் ஒரு சிவப்பு வரியும் இல்லை. தேய்த்ததா, மாட்டியதா என்று பிரித்தறிய, அழுக்கை மட்டும் திரும்பப் பூச வேண்டும்.

முடிவுரை

ஐந்து சமயங்களும் இன்று வெற்றி பெற்ற நிலையில் உள்ளன. தூசு போனதும் சரியாயிற்று என்கிறாள் மனைவி, உண்மை. பேட்டரி மாற்றியதும் சரியாயிற்று என்கிறார் பெரியப்பா, உண்மை. ஃபார்மட் அடித்ததில் வைரஸ் போயிற்று என்று நானும் சொல்லலாம். புதிது போட்டதால்தானே என்கிறான் பையன், விண்டோஸைச் சுட்டி. அன்று மாலையே மானிட்டரின் மூலையில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டியதாக அம்மா தெரிவித்தாள், அதுவும் உண்மை.

கோளாறைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தால் இதைத் தீர்த்துவிடலாம். அதற்கான சாட்சியங்களைத் தேடினேன். தூசு தெருவுக்குப் போய்விட்டது. பழைய பேட்டரியை எடுத்துக்கொண்டு புதியதன் விலையில் கொஞ்சம் குறைத்தார்களாம். கணினி ஏழு வருடமாக எழுதிவந்த நோட்டு ஃபார்மட்டில் போயிற்று. பால் நோட்டு பழைய பேப்பரோடு எடைக்குப் போனது. நோயாளி பிழைத்தார், ஆய்வு மாண்டது, அது மீளவில்லை.

மாற்றப்பட்டவற்றில் இன்னும் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது எலுமிச்சம்பழம் ஒன்றுதான். அதை அவிழ்த்துப் பார்ப்பதே மீதமிருக்கும் ஒரே சோதனை. கலந்தாய்வு முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். பிறகு கல்லூரிக் கட்டணம் ஆன்லைனில் கட்டவேண்டியிருந்தது. சென்ற வெள்ளிக்கிழமை பார்த்தபோது பழம் சுருங்கிக் கறுத்துப்போயிருந்தது. சோதனைக் காலம் முழுவதும் நிபந்தனைகள் மாறாமல் இருக்க வேண்டும் என்பது ஆய்வு நெறி. அந்த நெறி ஒன்றைக் கருதியே, அலுவலகத்திலிருந்து வரும் வழியில் புதிதாக ஒன்று வாங்கிவந்து கட்டினேன்.